பாடசாலைக்குப் பொம்மலாட்டம்: குழுவை அழைப்பதா, நாமே ஆட்டுவதா?

செப்டெம்பர் பிறந்தால் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு என்ன செய்வது? ஐஸ்கிறீமும் பலூனும் ஆண்டுதோறும் உண்டு. மந்திரவாதி ஏற்கெனவே வந்து போய்விட்டார். கோமாளி வேடம் போட்டவரைக் கண்டு தரம் 1 பிள்ளைகள் வீரிட்டு அழுததை யாரும் மறக்கவில்லை. அப்போது ஓர் ஆசிரியை, "பொம்மலாட்டம் வைத்தால் என்ன?" என்பார். எல்லோருக்கும் பிடித்துவிடும். எந்தப் பொம்மலாட்டம், யார் ஆட்டுவது, எந்த மொழியில் என்று கேட்கும்போதுதான் கூட்டம் அமைதியாகும்.

கொழும்பிலுள்ள ஒரு தமிழ்மொழிப் பாடசாலைக்குக் கைக்கெட்டும் வழிகள் சிலதான். அம்பலாங்கொடைப் பக்கத்து நூல்பாவைக் குழுவை அழைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து தோற்பாவைக் கலைஞர்களையோ மரப்பாவைக் கலைஞர்களையோ வரவழைக்கலாம். ஆசிரியர்கள் கைப்பாவை செய்து தாங்களே ஆட்டலாம். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெஹிவளையிலுள்ள பொம்மலாட்ட அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பொம்மலாட்டக் காணொளியைத் திரையில் போட்டுக் காட்டுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

பெரும்பாலான கூட்டங்களில் பேச்சு கட்டணத்தில் தொடங்கிக் கட்டணத்திலேயே முடிகிறது. கட்டணம் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விடயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வரிசைப் பிள்ளை பாவையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காரப்போகிறது? அந்தப் பிள்ளை எழுந்து நின்று கத்தினால் பாவை பதில் சொல்லுமா? இந்த இரண்டுக்கும் விடை எழுதிக்கொண்டு பிறகு விலை பேசினால், வீண் செலவும் குறையும், மனத்தாங்கலும் குறையும்.

அம்பலாங்கொடை நூல்பாவை

இலங்கையில் பொம்மலாட்டம் என்றதும் நினைவுக்கு வருவது தெற்குக் கரையோரம். சிங்களத்தில் ரூகட என்று சொல்லப்படும் நூல்பாவை நாடகத்தை அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ ஆகிய ஊர்களில் கம்வாரி வழிவந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகின்றன. 2018இல் யுனெஸ்கோ இதை அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெசாக் காலத்தில் பொது இடங்களில் மேடை போட்டு ஆடுவார்கள், பாடசாலைகளுக்கும் வருவார்கள். நாட்டார் கதை, பௌத்தக் கதை, வரலாறு, அன்றாட வாழ்க்கையின் கேலி என்று எல்லாமே அவர்களிடம் உண்டு.

"அது சிங்களக் கலை, நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரூகடவின் பாட்டுக்கும் நடைக்கும் தாய்வீடு 'நாடகம' எனப்படும் சிங்களப் பாட்டுநாடக மரபு. அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. பின்னாளில் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நவீன அரங்குக்கு அடித்தளம் தேடிப் போனபோது எடுத்துக்கொண்டதும் இதே நாடகமவைத்தான். ஆகவே அம்பலாங்கொடைக் குழுவை அழைக்கும் தமிழ்ப் பாடசாலை அந்நியர் எவரையும் அழைக்கவில்லை. மட்டக்களப்பிலோ மன்னாரிலோ கூத்துப் பார்த்து வளர்ந்த ஆசிரியர் ஒருவர் அந்த மத்தளத்தைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தாளம் போடத் தொடங்கிவிடுவார்.

இந்தப் பாவைகளின் பெரிய பலம் அவற்றின் உயரம். மூன்று, நான்கு அடி உயரமான மரப்பாவைகள். கதுரு போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசி, பட்டும் சரிகையும் உடுத்தியிருப்பார்கள். மேடையின் பின்புறம் கறுப்புத் துணி தொங்கும். அதற்குப் பின்னால் ஆளுயரப் பலகைத் தட்டில் ஆட்டுபவர்கள் நிற்பார்கள். நெஞ்சைக் குறுக்குக் கம்பில் சாய்த்துக்கொண்டு, திரைக்கு மேலாகக் கைகளை நீட்டி நூலைப் பிடிப்பார்கள். ஒரு காட்சியை அப்படிக் குனிந்தபடியே ஆட்டி முடிப்பது சாதாரண வேலை இல்லை. பாவை நடக்கும்போது அதன் மரக்கால் மேடைப் பலகையில் 'டக் டக்' என்று தட்டும். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக்கூட அந்தச் சத்தம் கேட்கும். முந்நூறு, நானூறு பிள்ளைகள் கூடும் மண்டபத்தில் இதற்கு நிகராக வேறு எந்தப் பாவையும் நிற்காது.

மொழிச் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. இக்காலத்தில் வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து, அந்த ஒலிக்கேற்பப் பாவைகளை ஆட்டுவதே வழக்கமாகிவிட்டது. வசனம் ஒலிப்பதிவில் இருக்கிறதென்றால் அதைத் தமிழிலும் பதிவு செய்துகொள்ளலாம். குழுவிடமிருந்து கதையின் பிரதியை வாங்கி, இரு மொழியும் தெரிந்த ஒருவர் அதைத் தமிழில் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வொரு பேச்சும் மூலத்தின் நீளத்துக்கு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்களைக் குரல் கொடுக்க வைக்கலாம். அவர்களுக்கும் அது நல்ல பயிற்சி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டுபவருக்குத் தமிழ் தெரியாது. யார் பேசுகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணமாக, குரங்கின் குரலும் முதலையின் குரலும் ஒன்றுபோல இருந்தால், முதலை பேசும்போது குரங்கு கையாட்டும். ஆகவே குரல்களை மிகைப்படுத்திப் பிரிக்க வேண்டும்: ஒன்று கீச்சென்று, ஒன்று அடிவயிற்றிலிருந்து. திரைக்குப் பின்னால் சிங்களமும் தெரிந்த ஒரு மாணவரைப் பிரதியோடு நிறுத்தி, ஒத்திகையின்போது தோளைத் தொட்டுச் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. இன்னொரு வசதியும் இருக்கிறது. சிங்களமும் தமிழைப் போல வினைச்சொல்லை வாக்கிய முடிவில் வைக்கும் மொழி. "கொண்டு வா!" என்று கை நீட்டும் கணம் இரண்டு மொழியிலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும்.

ஒரு முறை செய்த ஒலிப்பதிவை இன்னொரு பாடசாலையும் பயன்படுத்தலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகள் மூன்று சேர்ந்து ஒரு கதையைப் பதிவு செய்துகொண்டால் அந்தச் செலவு மூன்றாகப் பிரியும். குழுவையும் அடுத்தடுத்த நாட்களுக்கு அழைக்கலாம். அம்பலாங்கொடையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 85 கிலோமீற்றர். பாவைப் பெட்டிகளும் மேடைச் சாமான்களும் ஏற்றிய லொறிக்கு ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியாகக் கூலி கொடுப்பதில் என்ன பயன்?

குறையையும் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு எவருக்காகவும் நிற்காது. பிள்ளைகள் சிரித்து ஓய்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். முன்வரிசைப் பையன், "பின்னால் பார்! முதலை!" என்று கத்தினாலும் குரங்கு தன் பாட்டில் பேசிக்கொண்டிருக்கும். தரம் 4, 5 பிள்ளைகள் இதைக் கலை நிகழ்ச்சியாக ஏற்று ரசிப்பார்கள். தரம் 1 பிள்ளைக்குப் பாவை தன்னைக் கவனிக்கவில்லை என்பது பெரிய ஏமாற்றம். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுக்கத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழு

"தமிழிலேயே ஆடுபவர்கள் இருக்கும்போது ஏன் ஒலிப்பதிவு?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி. இரண்டு மரபுகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டம் மரப்பாவைகளால் ஆவது. இந்திய நூல்பாவைகளில் மிகப் பெரியதும் பாரமானதும் இதுவே. ஒரு பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் இருக்கும். நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் தலையில் மாட்டிக்கொள்வார். கைகளை இயக்கக் கம்பிகள் தனியே. அவர் தலையைத் திருப்பினால் பாவையும் திரும்பும். பார்க்கக் கிடைத்தால் விடக்கூடாத கலை. ஆனால் அத்தனை பாவைகளையும் விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவருவது ஒரு பாடசாலையின் பெற்றோர் சங்கம் சுமக்கக்கூடிய செலவு இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்து அந்த வகையில் இலகுவானது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வெட்டித் துளையிட்டு வர்ணம் தீட்டிய தட்டையான பாவைகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பெட்டியில் கொண்டுவரலாம். இதை ஆடுபவர்கள் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். மேடையில் தமிழ். ஒரே கலைஞர் இராமனாகவும் சூர்ப்பனகையாகவும் குரங்குப் படையாகவும் குரல் மாற்றிப் பேசுவார். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிப் பாத்திரங்கள் எந்தக் கதையின் நடுவிலும் நுழைந்து அடிபிடிப்படுவார்கள். பிள்ளைகளுக்கு இராமாயணம் மறந்துபோனாலும் அந்த இருவரும் மறக்கமாட்டார்கள். பேச்சு நேரடி என்பதால் பார்ப்பவர்களின் சிரிப்புக்கேற்ப நிறுத்தவும் நீட்டவும் கலைஞருக்கு முடியும். பாவை பதில் சொல்லுமா என்ற கேள்விக்கு இங்கே 'ஆம்' கிடைக்கிறது.

இடிப்பது வெளிச்சம். தோற்பாவை வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆடும் கலை. மண்டபம் இருட்டாக இருக்க வேண்டும். நம் பாடசாலைகளோ காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகின்றன. மண்டபச் சுவரெல்லாம் காற்றுக்கென்று விட்ட துளைக் கற்கள். கறுப்புத் துணியால் மூடினால் வெளிச்சம் போகும், கூடவே காற்றும் போகும். செப்டெம்பர் வெக்கையில் முந்நூறு பிள்ளைகளை அப்படி உட்கார வைக்க எந்த அதிபரும் சம்மதிக்கமாட்டார். பேச்சு வழக்கும் கொஞ்சம் தடையாகும். கன்னியாகுமரிப் பக்கத்து நாஞ்சில் நாட்டுத் தமிழின் வேகத்தைக் கொழும்புப் பிள்ளை பிடிப்பதற்குள் நகைச்சுவை கடந்துவிடும்.

ஆகவே இதைப் பாடசாலை தனியாகத் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கமோ, இந்தியக் கலைஞர்களை வரவழைக்கும் பண்பாட்டு மையமோ முன்னின்று, மாலையில், குளிரூட்டிய மண்டபத்தில் நடத்தினால் மாணவர்களை அழைத்துப் போகலாம். அப்போதும் தரம் 6க்கு மேற்பட்டவர்களையும் நாடகம் படிப்பவர்களையும்தான் நான் அழைத்துப் போவேன். சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்தில் தூங்கிவிடுவார்கள்.

நாமே ஆட்டுவது

இதுதான் எல்லோரும் கடைசியாக யோசிக்கும் வழி. எனக்கோ தரம் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு இதைவிடச் சிறந்தது எதுவும் கண்ணில் படவில்லை.

கைப்பாவைக்குத் தேவையானவை ஒரு துணிச் சட்டை, ஒரு தலை, ஒரு கை. ரெஜிபோம் உருண்டையைச் செதுக்கிக் கடதாசியும் பசையும் ஒட்டிக் காயவைத்தால் தலை தயார். மட்டையைச் சுருட்டிக் கழுத்துக் குழாய் செய்ய வேண்டும். அது சுட்டுவிரலின் இரண்டாம் கணு வரை இறுக்கமாகப் பொருந்த வேண்டும். குழாய் தளர்வாக இருந்தால் தலை ஆடிக்கொண்டே இருக்கும். பாவை எப்போதும் 'இல்லை இல்லை' என்று சொல்வதுபோலத் தோன்றும். கட்டைவிரல் ஒரு கை, நடுவிரல் மறு கை. துணியைப் புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். பழைய காற்சட்டைத் துணியும் போதும். காலுறையில் கண் தைத்துச் செய்யும் பாவை அதைவிடச் சுலபம். வாய் அசையும் என்பதால் பேச்சுக்கு அதுவே மேல். பொருளைத் தூக்கவும் அடிக்கவும் கட்டிப்பிடிக்கவும் விரல் நுழைக்கும் பாவை வேண்டும்.

ஆட்டுவதில் ஆசிரியர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் பார்வை. கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் சாயும். பாவை மண்டபக் கூரையைப் பார்க்கத் தொடங்கும். மணிக்கட்டைச் சற்று முன்னே மடக்கினால்தான் பாவையின் கண் முன்வரிசைப் பிள்ளையின் கண்ணைச் சந்திக்கும். கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நின்று பழகினால் இது வந்துவிடும். அடுத்தது, பேசும் பாவை மட்டும் அசைய வேண்டும், கேட்கும் பாவை அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆடினால் யார் பேசுவது என்று பிள்ளைக்குத் தெரியாது.

மேடைக்கு மேசையைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தி அதன்மேல் ஒரு சேலையைப் போர்த்தினால் போதும். இரண்டு ஆசிரியைகள் பின்னால் முழங்காலில் இருக்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் முழங்காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் சிறிய நேரமில்லை.

இப்படி ஒரு வகுப்பில் நடக்கும்போது பாருங்கள். நரி மேசையின் இடப்பக்கம் மெல்ல மூக்கை நீட்டுகிறது. சேவல் மறுபக்கம் பார்த்துப் பாடுகிறது. "மிஸ், நரி! நரி!" என்று ஒரு பிள்ளை எழும்புகிறது. சேவல் பாட்டை நிறுத்துகிறது. "யார் கூப்பிட்டது? நரியா? எந்தப் பக்கம்?" நாற்பது கைகள் இடப்பக்கம் நீள்கின்றன. சேவல் வலப்பக்கம் திரும்பிப் பார்த்து, "ஒருவரையும் காணோமே!" என்கிறது. அதற்குப் பிறகு அந்த வகுப்பைக் கட்டுப்படுத்த முடியாது. பெயர் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகூடச் சேவலுக்குப் பதில் சொல்லும். வீட்டில் ஒரு பேச்சு, வகுப்பில் ஒரு பேச்சு, வெளியில் சிங்களமும் ஆங்கிலமும் என்று வளரும் கொழும்புப் பிள்ளைக்குத் தமிழில் தயங்காமல் முழு வாக்கியம் பேச இப்படி ஒரு சாக்கு வேண்டும். சேவல் பிழை திருத்தாது, புள்ளியும் போடாது.

எல்லை ஒன்று உண்டு. ஒரு கைப்பாவை ஒரு முழக் கைக்குமேல் உயராது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் பாயில் நெருங்கி உட்கார்ந்தால் கச்சிதம். இரண்டு வகுப்பைச் சேர்த்தால் பின்வரிசை எட்டிப் பார்க்கத் தொடங்கும். மண்டபத்தில் முழு ஆரம்பப் பிரிவையும் கூட்டி வைத்துக் கைப்பாவை ஆட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பின்வரிசைக்குத் தெரிவது மேசையும் சேலையும் மட்டும். ஒரே காட்சியை வகுப்பு வகுப்பாக நான்கு தடவை ஆடுங்கள். நான்காவது தடவைக்குள் ஆசிரியைகளும் தேர்ந்துவிடுவார்கள்.

நிழற்பாவையையும் இதே அளவில் வகுப்பறையில் செய்யலாம். மட்டையில் உருவம் வெட்டி, ஈர்க்கில் குச்சி ஒட்டி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். குழல் விளக்கை வைத்தால் நிழல் மங்கிப் பரவும். கைத்தொலைபேசியின் டோர்ச் ஒரு புள்ளியிலிருந்து வருவதால் நிழல் கூர்மையாக விழும். பாவையை விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் எலி யானையளவு பெருக்கும். யன்னலுக்குப் பழைய பத்திரிகை ஒட்டினால் ஒரு சிறிய அறையை இருட்டாக்கிவிடலாம். தரம் 5 பிள்ளைகள் இதைத் தாங்களே செய்து தரம் 1 பிள்ளைகளுக்குக் காட்டலாம். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து கை ஓய்ந்திருக்கும் வாரங்கள் இதற்கென்றே அமைந்தவை.

தெஹிவளைக்குப் போவது

தெஹிவளையில் மரபுப் பொம்மலாட்டக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு வகுப்பை அழைத்துப் போவதற்கு நல்ல இடம். நூல் எங்கே கட்டியிருக்கிறது, மூட்டு எப்படி மடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கலாம். முன்கூட்டியே பேசிக்கொண்டு போங்கள். ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் இருக்கிறதே என்று மிருகக்காட்சிசாலையையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். யானையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு மரப்பாவை எடுபடாது.

எந்தக் கதை?

கதையைத் தெரிவுசெய்யும்போது கொழும்புப் பாடசாலை யாழ்ப்பாணப் பாடசாலை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே வகுப்பில் வடக்கு, கிழக்கு, மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். வாணி விழாவுக்கு இராமாயணம் பொருந்தும். சிறுவர் தினத்துக்கு எல்லோர் வீட்டிலும் சொல்லப்படும் கதை வேண்டும். மிருகக் கதைகளும் முட்டாள் கதைகளும் அதற்கு ஏற்றவை.

அம்பலாங்கொடைக் குழுவோடு பேசும்போது இரு பக்கத்துக்கும் தெரிந்த கதையைக் கேளுங்கள். தன் இதயத்தை மரத்திலேயே விட்டு வந்ததாகச் சொல்லி முதலையிடமிருந்து தப்பிய குரங்கின் கதை அவர்களுக்கு ஜாதகக் கதை, நமக்குப் பஞ்சதந்திரம். மகாதெனமுத்தாவும் அவருடைய ஐந்து சீடர்களும் சிங்களப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நெருக்கமோ, பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் நமக்கு அவ்வளவு நெருக்கம். பானைக்குள் தலையை விட்டுக்கொண்ட ஆட்டைக் காப்பாற்ற முதலில் ஆட்டின் தலையை வெட்டி, பிறகு பானையையும் உடைக்கும் மகாதெனமுத்தாவைக் குருவின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று அறிமுகப்படுத்தினால் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ஏற்றுக்கொள்ளும். நம் தெனாலிராமனுக்கு ஈடாக அவர்களிடம் அரசவைக் கோமாளி அந்தரே இருக்கிறார். குழுவிடம் இந்தப் பாத்திரங்களின் பாவைகள் ஏற்கெனவே இருந்தால் புதிதாகச் செதுக்கும் செலவு இல்லை. உடையையும் குரலையும் மாற்றினால் போதும்.

கைப்பாவைக்கு இரண்டு பாத்திரம், ஒரு சண்டை, ஒரு தந்திரம் உள்ள கதைதான் சரி. பாட்டி வடை சுட்ட கதையில் காகம் வாய் திறக்கும் இடத்தில் வடை உண்மையாகவே விழ வேண்டும். ரெஜிபோம் வடையை விழுத்துங்கள், முன்வரிசைப் பிள்ளை ஒன்று எடுத்துக் காகத்திடம் திருப்பிக் கொடுக்கும். அந்த இடத்தில் கதை போகும் போக்கிலேயே போக விடுங்கள்.

பணமும் நாளும்

என்னைக் கேட்டால், ஆரம்பப் பிரிவு முழுவதையும் ஒரே நாளில் மகிழ்விக்க வேண்டும், பக்கத்துப் பாடசாலைகளும் சேருகின்றன என்றால் அம்பலாங்கொடைக் குழுவையும் தமிழ் ஒலிப்பதிவையும் தெரிவுசெய்வேன். கொழும்பிலேயே இயங்கும் புதிய தலைமுறைப் பொம்மலாட்டக்காரர்கள் சிலர் தமிழிலும் காட்சி நடத்துகிறார்கள். அவர்களையும் விசாரித்துப் பாருங்கள். நேரடியாகப் பேசி ஆடுபவர் கிடைத்தால் ஒலிப்பதிவுக் குழுவைவிட அவருக்கே என் வாக்கு. பாடசாலை சிறியது, சேர்ந்த பணமும் சொற்பம் என்றால் ஒரு காட்சிக்கு அதைக் கொடுக்காதீர்கள். பாவைக் கலைஞர் ஒருவரை ஒரு சனிக்கிழமை அழைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துங்கள். காட்சி ஒரு மணி நேரத்தில் முடியும். பழகிய கை அடுத்த தவணையிலும் ஆடும்.

குழுவோடு ஒப்பந்தம் பேசும்போது கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். போக்குவரத்து, சாப்பாடு, ஒலிபெருக்கி, மேடை கட்டும் கூலி ஆகியவை பிறகு தனித்தனியாக முளைத்தால் சங்கக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மேடையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து முன்கூட்டியே அனுப்புங்கள். மேலே மின்விசிறி தாழத் தொங்கினால் நூல்பாவை ஆட முடியாது. அதிபரின் அனுமதியோடு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தேவையா என்பதை ஓகஸ்ட்டிலேயே விசாரித்துவிடுங்கள். காட்சியை இடைவேளைக்கு முன்னால் வையுங்கள்; சாப்பிட்ட பிறகு மண்டபத்தில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

முடிந்ததும் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகத் திரைக்குப் பின்னால் வந்து பார்க்க அரைமணி நேரம் ஒதுக்கும்படி குழுவிடம் கேளுங்கள். சில குழுக்கள் தயங்கும்; நூல் சிக்கிவிடும் என்பார்கள், அந்தப் பயமும் நியாயமானதே. அப்படியானால் ஒரே ஒரு பழைய பாவையைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி, வகுப்புக்கு இருவர் நூலைப் பிடித்துப் பார்க்கட்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.